வீடே அலுவலகமானால்

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று நம்மவர் சொல்லிவந்த காலத்தில், உத்தியோகம் என்றாலே வீட்டைவிட்டு வெளியே போவது என்றுதான் பொருள். வயலுக்குப் போனாலும் சரி, கச்சேரிக்குப் போனாலும் சரி, காலையில் வாசற்படியைத் தாண்டிய பிறகே வேலை தொடங்கும். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நாம் தாண்டிவந்த தூரமோ இன்னும் அதிகம். நம்முடைய பாட்டனாரோ தந்தையாரோ, அல்லது நாமேயோ, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டியும் படுக்கையுமாக ஏறி, இரண்டு இரவுகள் பிரயாணம் செய்து தில்லிக்கு வந்தது வேலைக்காகத்தான். மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் போனவர்களின் கதையும் இதுவே. வேலை இருந்த இடத்தைத் தேடி நாம் போனோம். இப்போது அந்த வேலை நம்மைத் தேடி வந்து, நாம் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அலுவலக வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்ற எண்ணம் திடீரென்று தோன்றியதன்று. எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய 1973-ஆம் ஆண்டிலேயே ஜாக் நில்லஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இதைப் பற்றி ஆராயத் தொடங்கினார். ஊழியர்கள் தினந்தோறும் வேலையிடத்துக்குப் பிரயாணம் செய்வதற்குப் பதிலாக, தொலைத்தொடர்பு வசதியின் மூலம் வேலையை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பலாம் என்பது அவர் கருத்து. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி முதல் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, இந்தக் கருத்தை ஒரே நாளில் இலட்சக்கணக்கானோர் செயற்படுத்த நேர்ந்தது. பெருந்தொற்று தணிந்த பின் பலர் அலுவலகம் திரும்பினர். ஆயினும் கணினித்துறை, கணக்கு, மொழிபெயர்ப்பு, பதிப்பு முதலிய தொழில்களில் இருப்போர் பலர் வாரத்தில் சில நாட்களேனும் இன்றும் வீட்டிலிருந்தே பணியாற்றுகின்றனர். ஆகவே, வீட்டிலிருந்து வேலை செய்பவர் தம் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு பேணிக்கொள்வது, வேலையையும் எவ்வாறு செவ்வனே முடிப்பது என்பது, ஊரடங்கோடு முடிந்துவிட்ட கேள்வியாக இல்லாமல் நம் அன்றாட வாழ்க்கைக்கு உரிய கேள்வியாகவே இருக்கிறது.

ஒருவகையில் பார்த்தால், வீட்டில் தொழில் செய்வது தமிழர்களுக்குப் பழக்கமானதே. காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் நெசவாளர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குழித்தறி வீட்டுக்குள்ளேதான் இருக்கும். ஆனால் அது அறைக்கு அறை நகர்ந்து வராது. அதற்கென்று ஓர் இடம் உண்டு. நெசவாளர் அதில் இறங்கினால் வேலை, ஏறினால் ஓய்வு. அன்றியும், நெசவுக்கு முன்னால் பாவைத் தெருவிலே நீள விரித்து, கஞ்சி போட்டு, இழைகளைச் சீர்செய்ய வேண்டும். அதற்காக வெயில் ஏறுவதற்கு முன்பே அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். அது ஒருவரால் ஆகும் காரியமன்று. அக்கம்பக்கத்தார் கைகொடுக்க வேண்டும். சேலம் பக்கத்தில் அதற்கென்றே விடப்பட்ட திறந்தவெளியைப் பாவடி என்பார்கள். நெசவாளர் வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்லவில்லை. அதன் கஷ்டங்கள் ஊரறிந்தவை. ஆயினும், வேலைக்கு ஓர் இடம், வெளிக்காற்று, நடை, நாலுபேரின் துணை ஆகியவை அத்தொழிலின் அமைப்பிலேயே இருந்தன. மடிக்கணினியோடு வீட்டில் உட்காரும் நமக்கு இவற்றுள் எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகளையும் விதிகளையும் தமிழாக்குவது என் தொழில். ஊரடங்கு வந்ததும் கோப்புகள் யாவும் கணினி வழியே வீட்டுக்கு வரலாயின. வீட்டில் இருந்த ஒரே மேசையை மகளின் பள்ளிப்பாடத்துக்குக் கொடுத்தோம். பள்ளி ஆசிரியையான என் மனைவி, சமையலறையில் பருப்பு டப்பாவின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து வகுப்பு நடத்தினார். நான் கட்டிலிலே தலையணையைச் சாய்த்துக்கொண்டு, மடிக்கணினியைத் தொடைமேல் வைத்து வேலை செய்தேன். பஸ் நெரிசல் இல்லை, வெயில் இல்லை. இதைவிடச் சௌகரியம் உண்டா என்று முதல் மாதம் நினைத்தேன். ஐந்தாம் மாதத்தில் கழுத்தைத் திருப்பினால் வலித்தது. வலது கைவிரல்கள் இரவில் மரத்துப்போயின. இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது.

அருகிலிருந்த மருத்துவரிடம் போனேன். அவர் வட நாட்டுக்காரர், வயதானவர். "எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். "வீட்டிலிருந்தேதான் வேலை; காலையில் கண் விழித்ததும் தொடங்கிவிடுவேன்" என்றேன். "சரி, எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். நான் விழித்தேன். பிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் புரிந்தது. வீட்டைவிட்டு நான் நகரவே இல்லை. ஆனாலும் ஐந்து மாதங்களாக வீடு திரும்பவே இல்லை.

அலுவலகத்தைப் பற்றி நாம் எத்தனையோ குறை சொல்வதுண்டு. ஆனால் அது நமக்குத் தெரியாமலே நான்கு உதவிகளைச் செய்துவந்தது. நம்மை நடக்க வைத்தது. ஒழுங்கான ஆசனத்தில் உட்கார வைத்தது. மாலையில் எழுந்து போகச் சொன்னது. நாலுபேரோடு பேச வைத்தது. வீடு இவற்றுள் எதையும் தானாகச் செய்யாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் இந்த நான்கையும் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இவ்விஷயத்தில் நான் சொல்லவந்த செய்தி இவ்வளவே. இனி இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நடை. லண்டன் நகரத்து இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சி 1953-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரே பஸ்ஸில், ஒரே நகரத்தில், ஒரே மாதிரியான குடும்பங்களிலிருந்து வந்து வேலை செய்தவர்கள் ஓட்டுநரும் நடத்துநரும். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுவதும் படி ஏறி இறங்குவார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர்களையும் மேசையில் இருந்த தபால் இலாகா எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே முடிவு கிடைத்தது.

இதன் காரணம் எளிது. நிற்கும்போதும் நடக்கும்போதும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கால்களிலுள்ள இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் எடுத்துச் செலவிடுகின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் இவ்விரண்டும் மந்தப்படுகின்றன. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்றும், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாட்களேனும் செய்ய வேண்டும் என்றும், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

பஸ் நிறுத்தத்துக்குப் போய்வந்த நடையை நாம் இழந்துவிட்டோம். அதை மீட்பதற்கு எளிய வழி, காலையில் வேலைக்குப் போவதுபோலவே உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பி, 20 நிமிடங்கள் நடந்துவிட்டுத் திரும்பிவந்து வேலையில் அமர்வது. மாலையிலும் அவ்வாறே 20 நிமிடங்கள் நடப்பது. வாரத்துக்கு ஐந்து நாட்கள் இப்படிச் செய்தால் 200 நிமிடங்கள் ஆகிவிடும். காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் உடலின் நாட்கணக்கு ஒழுங்குபட்டு, இரவில் தூக்கமும் நேரத்தில் வரும். இடையில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, தண்ணீர் குடிக்கவோ ஜன்னல் வரை போகவோ இரண்டு நிமிடங்கள் செலவிடுவது நல்லது. தொலைபேசியில் பேசும்போது நின்றுகொண்டே பேசலாம்.

அந்தந்த ஊரின் காலநிலையை அனுசரித்து இதை மாற்றிக்கொள்ள வேண்டும். தில்லியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று கெட்டுவிடுகிறது. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்' என்றும், 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்றும் வகுத்திருக்கிறார்கள். அத்தகைய நாட்களில் வெளியே வேகநடை போடுவது ஆரோக்கியத்துக்குப் பதில் இருமலைத்தான் கொண்டுவரும். வீட்டுக்குள்ளேயே நடக்கலாம், யோகாசனம் செய்யலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் அனல்காற்று வீசுவதற்கு முன், விடியற்காலையில் நடந்துவிட வேண்டும். மும்பையில் மழை விடாத நாட்களில் மாடிப்படியும் தாழ்வாரமுமே பாதையாகும்.

இரண்டாவது, ஆசனம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸ்ஸினி, தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1713-ஆம் ஆண்டில் அதை விரிவாக்கியபோது எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார். அவர்களுடைய நோய்களுக்கு அவர் மூன்று காரணங்களைக் காட்டினார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருப்பது, பிழை நேராமல் எழுத வேண்டுமே என்று மனத்தை இறுக்கிக்கொண்டிருப்பது. இறகுப் பேனா போய் விசைப்பலகை வந்த பின்னும் இம்மூன்றும் அப்படியே இருக்கின்றன.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்திருப்பதுதான் தொல்லை. கைக்கு வசதியாக வைத்தால் திரை தாழ்ந்து கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கை தொங்குகிறது. எனவே, நாள் முழுவதும் வேலை செய்பவர்கள் தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொள்வது மிகவும் பயனுள்ள செலவு. மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின்மேல் வைத்து, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்குமாறு அமைக்கலாம். முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிந்திருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் ஒரு பலகையை வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் முதுகு நிமிர்ந்திருக்கும்.

தரையில் சம்மணமிட்டு, முன்னால் ஒரு சிறு பலகை வைத்து எழுதுவது நம் முன்னோர் வழக்கம். முழங்கால் வலி இல்லாதவர்கள் அப்படியும் சிறிது நேரம் செய்யலாம். ஆசனத்தை மாற்றிக்கொண்டே இருப்பது நல்லதே. ஆனால் கட்டிலை மட்டும் விலக்க வேண்டும். கட்டிலில் சாய்ந்து வேலை செய்தால் முதுகும் கழுத்தும் கெடுவதோடு தூக்கமும் கெடுகிறது. படுக்கையைக் கண்டால் உறக்கம் வரவேண்டிய மனத்துக்கு, கோப்புகளின் நினைவு வருகிறது.

கண்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுவதால் கண் உலர்ந்து உறுத்துகிறது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தூரத்திலுள்ள ஒரு பொருளை, 20 விநாடிகள் பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் கூறும் விதி நினைவில் வைக்க எளியது. என் ஜன்னலுக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் கிளையில் வந்து உட்காரும் கிளிகளை எண்ணுவது என் கண்களுக்கு நான் கொடுக்கும் ஓய்வு.

மூன்றாவது, முடிவு. அலுவலகத்தில் ஆறு மணியானால் விளக்கை அணைப்பார்கள். வீட்டிலோ இரவு உணவுக்குப் பின்னும், 'இந்த ஒரு பக்கத்தை முடித்துவிடலாம்' என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றி எச்சரித்தது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வரை உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதமும், இருதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதமும் அதிகம் என்று அது மதிப்பிட்டது.

நேரம் நீண்டால் வேலையாவது மிகுதியாக நடக்கிறதா? சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ஆம் ஆண்டில் வேடிக்கையாகவும் உண்மையாகவும் ஒரு விதியை வெளியிட்டார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறதோ, அவ்வளவையும் நிரப்பும்படி அந்த வேலை வீங்கிவிடும் என்பது அதன் கருத்து. இரவு பத்து மணி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தால், நாலு மணிக்கு முடியும் வேலை பத்து மணிக்குத்தான் முடியும்.

அதைவிட மோசமானது, களைத்த மூளையின் பிழை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு சலுகை பற்றிய அறிவிப்பை மொழிபெயர்த்தேன். ஒரு சான்றிதழை மனுதாரர் விரும்பினால் இணைக்கலாம் என்பது மூலத்தின் பொருள். 'இணைக்கலாம்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'இணைக்க வேண்டும்' என்று எழுதிவிட்டேன். மூத்த சகா ஒருவர் மறுநாள் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அவர் பார்க்காமல் அது அச்சேறியிருந்தால், அந்தச் சான்றிதழ் இல்லாத ஏழை ஒருவர், தமக்கு உரிமை இல்லை என்று எண்ணி, மனுவே போடாமல் இருந்திருப்பார். ஒரு சொல்தானே என்று இன்றளவும் என்னால் நினைக்க முடியவில்லை. அன்றுமுதல் மாலை ஆறு மணிக்குப் பிறகு எதையும் மொழிபெயர்ப்பதில்லை. மாலையில் முடித்ததை மறுநாள் காலையில் ஒருமுறை படிக்காமல் அனுப்புவதும் இல்லை.

பகலில் வேலை செவ்வனே நடக்கச் சில வழிகள் உண்டு. கடினமான வேலையை மூளை தெளிவாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் செய்துவிட வேண்டும். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தை முடுக்கி வைத்து, 25 நிமிடங்கள் கவனம் சிதறாமல் படிப்பதும் பிறகு ஐந்து நிமிடங்கள் ஓய்வதுமாகப் பழகினார். உலகெங்கும் பலர் இன்று அந்த முறையைக் கையாள்கிறார்கள். மாலையில் முடிக்கும்போது, மறுநாள் செய்யவேண்டிய மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுக் கணினியை மூடிவிட வேண்டும். தனி அறை இல்லாதவர்கள் அதை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம். கண்ணில் படாத வேலை மனத்தையும் விட்டு எளிதில் விலகும்.

நான்காவது, மனிதர் துணை. ஷாங்காய் நகரிலிருந்து இயங்கும் சீ-டிரிப் என்ற பிரயாண நிறுவனத்தில், 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஒரு சோதனை நடந்தது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் அதை ஆராய்ந்தனர். தொலைபேசி வழியே வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் ஊழியர்களில் விருப்பம் தெரிவித்தவர்கள் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்தனர். அவர்களுடைய வேலை 13 சதவிகிதம் உயர்ந்தது. அதில் ஏறத்தாழ 9 சதவிகிதம், இடைவேளையும் விடுப்பும் குறைந்து, அவர்கள் மேலும் அதிக நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. மீதி, அமைதியான சூழ்நிலையில் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கவனித்ததால் வந்தது. வீட்டில் வேலை நடக்காது என்பவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் சோதனை முடிந்ததும் அந்த ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களுள் முக்கியமானது தனிமை.

அதே நிறுவனத்தில் பின்னர் நடந்த மற்றொரு சோதனையின் முடிவுகள் 2024-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இம்முறை 1,612 பேரில் ஒரு பகுதியினர் வாரத்தில் மூன்று நாட்கள் அலுவலகத்திலும் இரண்டு நாட்கள் வீட்டிலும் பணியாற்றினர். வேலையின் தரம் குறையவில்லை. வேலையை விட்டு விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் இந்த நடுவழியை எண்ணிப் பார்க்கலாம்.

தனிமையைப் பற்றி நம்மவர்கள் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சொந்த ஊரில் இருப்பவர் வாசலுக்கு வந்தால் உறவு இருக்கிறது, மொழி இருக்கிறது. நமக்கோ பல சமயங்களில் அலுவலகத்துச் சகாக்களே உறவினர். பகல் உணவு வேளையில் மூன்று தமிழர்கள் ஒரு மேசையில் கூடி, தயிர்ச்சாதத்தையும் ஊர்ச் செய்தியையும் பகிர்ந்துகொள்வது, ஒரு நாளைக்கு வேண்டிய உற்சாகத்தைத் தந்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது முதலில் மறைவது இதுதான். புதிதாக வேலையில் சேர்ந்து, தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் ஒரு நாள் முழுவதும் ஒரு வார்த்தைகூட வாய்விட்டுப் பேசாமல் கழிப்பதை நான் அறிவேன். அவர்களைக் கவனித்துக்கொள்வது மூத்தவர்களின் கடமை. தில்லி இராமகிருஷ்ணபுரத்திலும் பெங்களூர் அல்சூரிலும் மும்பை சயானிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு மாதம் ஒருமுறையாவது போகலாம். அது தொலைவென்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தை உணவுக்கு அழைக்கலாம். மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ மருத்துவரை அணுகத் தயங்கக் கூடாது. மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் அது இயங்குகிறது.

இந்த நான்கையும் ஏற்படுத்திக்கொள்ள முயலும்போது, வீட்டிலுள்ள மற்றவர்களை மறந்துவிடக் கூடாது. வேலை வீட்டுக்குள் வந்தது ஆண்களுக்கு மட்டுமன்று. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்களோ 88 நிமிடங்கள். இந்த நிலையில் ஒரு பெண் வீட்டிலிருந்து உத்தியோகம் பார்ப்பதென்றால், ஒரு கண் திரையிலும் மறு கண் பால் பாத்திரத்திலுமாகத்தான் இருக்கும். சமையலறையில் நின்றுகொண்டே என் மனைவி நடத்திய வகுப்புகளை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கட்டிலில் சாய்ந்திருந்த நான் என் கழுத்து வலியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்த நேரத்தில் மேசை, யார் எந்த நேரத்தில் சமையல், குழந்தையை யார் கவனிப்பது என்பதைக் குடும்பத்தார் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது மேல். இப்போது எங்கள் வீட்டில் காலைச் சமையல் என்னுடையது.

சமையலறை அருகில் இருப்பதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. எழுந்தால் முறுக்கு டப்பா, உட்கார்ந்தால் காப்பி. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வயது வந்தோரில் 11.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. உட்கார்ந்தே இருப்பவருக்குச் சோற்றின் அளவு குறையவேண்டும். காய்கறியும் பருப்பும் கூடவேண்டும். அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போவதுபோல, பகல் உணவைக் காலையிலேயே ஒரு டப்பாவில் அளந்து வைத்துவிட்டால் கை நீளாது. கணினி முன் அமர்ந்து உண்ணாமல், உண்ணும் இடத்துக்கு எழுந்துபோய் உண்ண வேண்டும். வட நாட்டுக் குளிர்காலத்தில் தாகம் தெரியாது. எனினும் தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது.

இவையெல்லாம் செய்தும் கைவிரல்களில் மரப்பு நீடித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மார்பில் இறுக்கம் தோன்றினாலோ, வீட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

இப்போது எனக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை. அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன். தெருக்கோடியில் தள்ளுவண்டிக்காரரிடம் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் வாங்கிக்கொண்டு, பூங்காவை ஒருமுறை சுற்றிவிட்டு, மறுபடியும் மாடியேறிக் கதவைத் தட்டுகிறேன். மகள் வந்து திறக்கிறாள். காலை முதல் நான் அதே வீட்டில்தான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே திரும்பி, "அம்மா, அப்பா வந்தாச்சு!" என்று குரல் கொடுக்கிறாள். அந்த மருத்துவர் இன்று கேட்டால், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறேன் என்று என்னால் தடையின்றிச் சொல்ல முடியும்.